முப்புரி ரகசியம் கண்ட ஜி.என்.ராமச்சந்திரன்

பாலிமர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் வாளி, நைலான் கயிறு, பி.வி.சி. குழாய் ஆகியவைதான். நானும் பரோடாவில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் இவற்றோடுதான் காலம் தள்ளினேன். ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம், அவர்களுடைய தோலும் எலும்பும் தலைமுடியும்கூட பாலிமர்தான் என்பது. அந்த இயற்கைப் பாலிமர்களின் அமைப்பைக் கண்டு சொன்னவர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியவர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். ராமனையும் ராமானுஜனையும் சந்திரசேகரையும் அறியாத அங்கத்தினர் இருக்க முடியாது. ஜி.என்.ஆர். என்றால் மட்டும் உயிரியல் படிக்கும் பேரன் பேத்திகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். பையனுக்குக் கணக்கில் ருசி வந்தது வீட்டிலேயேதான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியல் துறையில். அங்கே சர் சி.வி.ராமனின் பார்வையில் பட்டார். இவ்வளவு கெட்டிக்காரப் பையனுக்கு அந்தத் துறை போதாது என்று ராமனே பேசி, இயற்பியலுக்கு மாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மாற்றம் நடந்தது உண்மை. ராமனிடம் ஆராய்ச்சி செய்து டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, 1947-ல் கேம்பிரிட்ஜ் சென்று, கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டரிடம் எக்ஸ்ரே பற்றிய ஆராய்ச்சிக்காக 1949-ல் பிஎச்.டி.யும் பெற்றுத் திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புதிய இயற்பியல் துறை தொடங்க விரும்பினார் துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். ராமனை அழைத்தார். ராமன் தன் சிஷ்யரைக் கைகாட்டினார். முப்பதை ஒட்டிய வயதில் ஒரு துறையின் தலைவர்! இந்தக் காலத்தில் அந்த வயதுக்காரரை ஒரு கமிட்டியில் உட்கார வைக்கவே நாம் யோசிப்போம். அந்தத் துணைவேந்தரின் துணிச்சலுக்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

அப்போது சென்னைக்கு வந்திருந்தார் இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ஜே.டி.பெர்னால். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஜி.என்.ஆர். அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன? தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிக்காக்கும் நார்ப்பொருள். நம் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்குக் குறையாதது இதுதான். மிருகங்களின் எலும்பையும் தோலையும் கொதிக்க வைத்தால் இது ஜெலட்டினாக மாறும். நாம் விழுங்கும் காப்ஸ்யூல்களில் பலவற்றின் கூடு அதுதான் (நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இருந்தது நல்லதுதான்). பூ தொடுப்பது போல அமினோ அமிலங்கள் ஒன்றோடு ஒன்று கோத்த நீண்ட சரமே புரதம். கொலாஜன் சரத்தில் எந்த அமிலம் எவ்வளவு என்பது ஏறக்குறையத் தெரிந்திருந்தது. மூன்றில் ஒன்று கிளைசின். புரோலினும் ஹைட்ராக்ஸி புரோலினும் ஏராளம். சரம் எப்படி மடிந்து முறுக்கியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. மாமேதை லைனஸ் பாலிங் 1951-ல் கோரியுடன் சேர்ந்து ஒரு வடிவத்தை வெளியிட்டார், அது பொருந்தவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எக்ஸ்ரேதான். நாருக்குள் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால் படச்சுருளில் உருவம் விழாது. புள்ளிகளும் கீற்றுகளும்தான் விழும். கோலத்தைக் காட்டாமல் புள்ளிகளை மட்டும் காட்டி, இது என்ன கோலம் சொல் என்று கேட்பது போன்ற வேலை. நல்ல படம் விழ நல்ல நார் வேண்டும். அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவி இதில் பெரிது. ஜி.என்.ஆருக்குத் தெளிவான படம் கொடுத்தது கங்காருவின் வால் தசைநாண்! உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

1954-ல் இருவரும் தங்கள் விடையை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கொலாஜன் ஒரு சரம் அல்ல, மூன்று சரங்கள் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, ஒவ்வொரு சரமும் தனக்குள் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதாகக் காட்டினார்கள். கிணற்றுத் தாம்புக்கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். புரிகளை ஒரு திசையில் முறுக்கி, சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. முப்புரியின் உள்பக்கம் மிகவும் நெருக்கம். அங்கே இடம் பிடிக்க அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசினால்தான் முடியும். மூன்றில் ஒன்று கிளைசின் ஏன் என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த ஒரு கிளைசின் மாறிப் போனால் எலும்புகள் கண்ணாடி போல நொறுங்கும் நோய் வருகிறது என்பதைப் பிற்பாடு மருத்துவர்கள் கண்டார்கள். பாலிமர் வேலை செய்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பொருளின் வலிமை எந்த இடத்தில் எந்தத் துண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

ஆனால் கதை அங்கே சுமுகமாக முடியவில்லை. 1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும், டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் வடிவத்தை வெளியிட்டார்கள். மூன்று புரி என்ற அடிப்படை அதேதான். ஆனால் சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன, ஒவ்வொரு மூன்று அமிலங்களுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு சாத்தியமில்லை, ஒன்றுதான் முடியும் என்றார்கள். உலகம் யார் பக்கம் காது கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிப்பின் பெருமை மெல்ல இடம் மாறியது.

நியாயமாகச் சொன்னால், பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜ்காரர்கள் சொன்னதே சரி. பிற்காலப் படிக ஆய்வுகள் அதைக் காட்டிவிட்டன. இரண்டாவது பிணைப்பு ஒரு தண்ணீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்று 1968-ல் ஜி.என்.ஆரே எழுதினார், நீரின் பங்கும் பிற்பாடு உறுதியானது. ஆனால் பொருந்தும் முப்புரியை முதலில் கண்டது சென்னைதான். இதை நம்மவர் என்ற அபிமானத்தால் சொல்லவில்லை. 1954 என்ற ஆண்டு சொல்கிறது.

எனக்கு அவரிடம் பெரிய மரியாதை உண்டாவது அடுத்து அவர் செய்த காரியத்தால்தான். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்று சொன்னார்கள் அல்லவா? அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு கூடாது என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் அலசி அளவுகளைத் திரட்டினார்கள். புரதச் சரத்தில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில்தான் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களையும் ஒரு சதுரத்தின் இரு பக்கங்களாக வைத்து, எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்கும் என்று மாணவர்கள் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரும் அவருடன் சேர்ந்து கணக்கிட்டார்கள். முடிவில் சதுரத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பிரதேசமாகிவிட்டது. சில தீவுகளே மிஞ்சின. இது 1963-ல் வெளிவந்தது. இதற்குப் பெயரே ராமச்சந்திரன் வரைபடம். ஆல்பா ஹீலிக்ஸ், பீட்டா ஷீட் என்று பாடப்புத்தகத்தில் வரும் எல்லா வடிவங்களும் அந்தத் தீவுகளில்தான் குடியிருக்கின்றன. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று முதலில் வைத்துப் பார்க்கும் உரைகல்களில் ஒன்று இந்த வரைபடம்தான்.

அதே 1963-லும் 1967-லும் சென்னையில் அவர் கூட்டிய சர்வதேசக் கருத்தரங்குகளுக்கு வெளிநாட்டு நிபுணர்கள் பலர் வந்தார்கள். 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டு, பெங்களூரில் மூலக்கூறு உயிரி இயற்பியல் பிரிவை நிறுவினார், சிகாகோவிலும் பணியாற்றினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரை ஒன்று முற்றிலும் வேறு விஷயம்: பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தைச் சுலபமாகக் கணக்கிடும் முறை. ஸ்கேன் மையத்தில் சி.டி. படம் எடுத்துக்கொண்ட அன்பர்கள் பலர் இருப்பீர்கள். அந்தப் படம் உருவாகும் கணக்கில் இந்த முறைக்கு முக்கியப் பங்கு உண்டு. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாக்கியது. நோபல் பரிசு மட்டும் வரவில்லை.

பிற்காலத்தில் தர்க்க சாஸ்திரத்தின் பக்கம் திரும்பி, ஸியாத்வாதம் முதலான இந்தியச் சிந்தனைகளைக் கணித வடிவில் எழுத முயன்றார். அதில் எவ்வளவு நிலைக்கும் என்பது என் அறிவுக்கு எட்டாதது. பார்க்கின்ஸன் நோய் அவரை மெல்ல முடக்கியது. 1945-ல் கைப்பிடித்த மனைவி ராஜலட்சுமி 1998-ல் காலமானார். மறுவருஷம், 1999-ல், சர்வதேசப் படிகவியல் சங்கம் தன் உயரிய எவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில், 78-வது வயதில் ஜி.என்.ஆர். மறைந்தார். அவருக்கு உதவிய அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அரங்கத்துக்கு டிரிபிள் ஹீலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.