துப்பறியும் கதை வளர்த்த வடுவூரார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர், தாயில்பட்டி)

திரைப்படம் முடிந்ததும் நடிகரைப் பாராட்டுகிறோம், இயக்குநரைப் பாராட்டுகிறோம், பாடலை முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புகிறோம். அந்தக் கதையை முதன்முதலில் மனத்திற் கண்டு எழுதி வைத்தவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. 1950-ஆம் ஆண்டு வெளிவந்த ‘திகம்பர சாமியார்’ என்னும் துப்பறியும் படத்தை நம் பாட்டன் பாட்டியர் நம்பியார் படம் என்றே நினைவில் வைத்துள்ளனர். அதன் மூலக்கதையை எழுதிய வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரது வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

மன்னார்குடிக்கு அருகே, இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பசுமையான ஊர் வடுவூர். இன்று பறவைகள் சரணாலயத்தால் பெயர் பெற்று விளங்கும் அவ்வூரில் 1880-ஆம் ஆண்டு துரைசாமி ஐயங்கார் பிறந்தார். பட்டப்படிப்பு படித்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த அந்நாளில் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆங்கில அரசில் தாசில்தார் பதவியும் வகித்தார்.

தாசில்தார் என்றால் அந்நாளில் எத்தகைய மதிப்பு! ஊரே எழுந்து நின்று வணங்கும். மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். அத்தகைய பதவியை எழுத்தின் மீது கொண்ட பற்றினால் அவர் துறந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு ஓர் அரசு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்பதே என் பெற்றோரின் ஒரே கனவு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருடைய வீட்டிலும் இதே கனவுதான். ஆகவே, கையில் இருந்த வேலையைக் கதை எழுதுவதற்காக ஒருவர் விட்டார் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட அச்சமே மிகுதியாக எழுந்தது. எழுத்தை நம்பி அடுப்பு எரியுமா? அவர் நம்பினார், சில காலம் நன்றாகவே எரிந்தது!

‘மனோரஞ்சினி’ என்ற மாத இதழை நடத்தி அதன் வாயிலாகத் தம் நாவல்களை மக்களிடம் கொண்டு சென்றார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘வித்தியாசாகரம்’, ‘மதனகல்யாணி’, ‘மாயாவிநோதப் பரதேசி’, ‘வசந்தகோகிலம்’ என அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் இத்துறையில் அவருடன் ஒளிவீசிய மற்ற இருவர். பின்னாளில் புகழ்பெற்ற வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுத்துலகில் அடியெடுத்து வைத்தபோது அவருக்கு வழிகாட்டியவரும் வடுவூராரே.

இங்கிலாந்தில் கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் அறிமுகமாகி உலகையே கவர்ந்திருந்த காலம் அது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதைகளும் இங்கே படித்தவர் கைகளில் தவழ்ந்தன. அந்த மர்மக் கதைகளின் பாணியை வடுவூரார் எடுத்துக்கொண்டாலும், அவர் காட்டிய வீடு தமிழ் வீடு; தெரு தஞ்சாவூர்த் தெரு; கொடுமை நாத்தனார் கொடுமை. ‘மேனகா’வில் கணவன் வீட்டாரால் வஞ்சிக்கப்பட்டு, விற்கப்படும் ஓர் இந்துப் பெண்ணின் மானத்தைக் காப்பவள் நூர்ஜஹான் என்னும் இஸ்லாமியப் பெண். பரபரப்புக்காகவே எழுதப்பட்டவை என்று ஒதுக்கப்பட்ட கதைகளுள் இத்தகைய பண்பும் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

அந்நாளில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பது வழக்கம். அதே 1920-களில்தான் நம் சிவகாசியில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டுக்காக அச்சகம் வந்தது; பின்னர் அச்சுத் தொழிலே நம் ஊரின் பெருமை ஆயிற்று. எனவே அச்சிட்ட காகிதம் மக்கள் கையில் சேர்வதன் அருமையை நமக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அச்சில் வந்த கதை மேடை ஏறியது. எம். கந்தசாமி முதலியார் ‘மேனகா’வை நாடகமாக்க, டி.கே.எஸ். சகோதரர்கள் அதை நடித்துப் புகழ் பெற்றனர். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்த பின்னர், புராணக் கதைகளே திரையை ஆண்டு கொண்டிருந்தன. அந்நிலையில் 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் ‘மேனகா’ திரைப்படம் ஆயிற்று. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரையில் தோன்றிய முதல் படமும் இதுவே. ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1935-இலும் ‘சந்திரகாந்தா’ 1936-இலும் படமாயின. விற்பனையில் வென்ற மர்ம நாவலைத் திரைக்குக் கொண்டுவரும் வழக்கம் இவ்வாறே தமிழில் வேரூன்றியது.

புகழின் உச்சியில் இருந்தவரின் மனம் வேறொரு திசையில் சென்றது. பண்டைய எகிப்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று கருதி, பெரும் உழைப்பில் ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை, நூலும் விற்கவில்லை. கதையில் ஈட்டிய பொருளை ஆராய்ச்சியில் இழந்தார். 1942-இல் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்தே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலை ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியது. இயக்கியவர் டி.ஆர். சுந்தரம். பிற்காலத்தில் வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார், இதில் நல்லோரைக் காக்கும் துப்பறிவாளர். பதினொரு வேடங்களில் தோன்றி, கெட்டிக்கார வக்கீல் ஒருவரின் சூழ்ச்சிகளை உடைத்தெறிகிறார். தம் கதைக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்க எழுதியவர் இல்லை!

இப்படத்தை என் தாயாருடன் அமர்ந்து பார்த்தேன். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் ஒவ்வொரு வேடத்திலும் சாமியாரை எனக்கு முன்பே கண்டுகொண்டார். இந்தக் கதை புத்தகமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் படித்துக் காட்டச் சொன்னார். அன்று முதல் இரவுதோறும் கைப்பேசியைப் பார்த்து நான் படிக்க, அவரும் பக்கத்து வீட்டு அக்காள் இருவரும் கேட்கின்றனர். வக்கீலை எப்போது போலீசார் பிடிப்பார்கள் என்று அடுத்த நாள் வேலைக்குப் போகும்போதே அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட அந்தப் பழைய வழக்கம் எங்கள் திண்ணையில் மீண்டும் வந்துவிட்டது.

வடுவூராரின் நாவல்களில் குறை இல்லாமல் இல்லை. வருணனைகள் நீளும், தற்செயல்கள் மலியும், அக்காலச் சாதி நோக்கு ஆங்காங்கே நெருடும். 1933-இல் பிறந்த ‘மணிக்கொடி’ இதழின் எழுத்தாளர்கள் வாழ்வை நுட்பமாகக் காட்டி வேறொரு பாதை அமைத்தனர். இலக்கியம் அவர்களால் உயர்ந்தது. எனினும், படிக்கும் பழக்கமே இல்லாதவரைப் பக்கம் புரட்ட வைத்தவர்கள் வடுவூரார் போன்றோரே. விதை தூவியவரை மறந்து விளைச்சலை மட்டும் புகழ்வது முறையாகுமா?

நண்பர்களே! ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தமையால் அவருடைய நூல்களின் காப்புரிமை 2002-ஆம் ஆண்டோடு முடிந்தது. இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு நாவலை எடுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருப்பின் அருகே அமர்த்தி உரக்கப் படியுங்கள். தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்துவந்த அந்த மனிதருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே ஆகும்.