மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த மேதை
அமரர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

(நமது ரேணிகுண்டா நிருபர்)

கோவை அருகே உள்ள சிற்றூர் கலங்கல். அந்தப் பக்கமாக ஒருநாள் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அன்று வேடிக்கை பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரே ஓர் இளைஞருக்கு மட்டும் அதை வாங்கியே தீரவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் எடிசன் என்று புகழப்பட்ட ஜி.டி. நாயுடுதான் அந்த இளைஞர்.

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி நாயுடு. பள்ளிப்படிப்பு துரைசாமிக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு அது நின்றுவிட்டது.

ஓட்டல் வேலை

மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் வேண்டுமே! கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். கொடுத்த விலை ரூ.300 என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ரட்ஜ், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் தயாரான வண்டி. அந்நாளைய மோட்டார் சைக்கிள்களில் இப்போது உள்ள சுகம் கிடையாது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை. சாலையில் உள்ள குழி ஒவ்வொன்றும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்குத் தெரியும். அமெரிக்காவில் நீண்ட பயணத்துக்குப் பேர்போன ஹார்லி டேவிட்சன் கம்பெனியே 1912-ல்தான் சீட்டைத் தாங்கும் குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்தது.

துரைசாமி சுகத்தை நாடி வண்டி வாங்கவில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளவே வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து பாகம் பாகமாகக் கழற்றினார். மீண்டும் பூட்டினார். பள்ளிக்கூடம் கற்றுத்தராத பாடத்தை அந்த வண்டி கற்றுத்தந்தது.

ஒருவர் சவாரியும் ஊரார் சவாரியும்

1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குத் தாமே ஓட்டினார். முருகனைத் தரிசிக்க மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போன மக்களுக்கு இது பெரிய வசதி. ஒற்றை ஆள் ஏறும் வண்டியில் கற்ற தொழில், ஊரார் பலர் சேர்ந்து போகும் வண்டிக்குப் பயன்பட்டது. ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகி, யு.எம்.எஸ். என்ற பெயர் கோவை வட்டாரம் முழுவதும் பரவியது.

அதன்பிறகு அவர் கை தொடாத துறை இல்லை. 1937-ல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. பாட்டரியால் இயங்கும் சவர ரேஸர், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். பருத்தியிலும் பப்பாளியிலும்கூட ஆராய்ச்சி செய்தார்.

கைகூடாத கார்

ஆனால் திறமை இருந்த அளவுக்கு ஆதரவு இல்லை. 1952-ல் ரூ.2,000 விலையில் இருவர் செல்லும் சிறிய கார் தயாரிக்கத் திட்டமிட்டார். அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. சாமானியனும் கார் ஏறட்டும் என்ற எண்ணம் ஏட்டோடு நின்றது. வரிச்சுமையைக் கண்டித்துத் தம் கருவிகளைப் பலரறியத் தாமே உடைத்துப் போட்டார். உருவாக்கிய கையே உடைத்தது என்றால் மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

கல்வியிலும் இதே கதை. கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி அமைய வாரி வழங்கி, அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. தொழில் கற்க நான்கு ஆண்டு எதற்கு, இரண்டே போதும் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசு ஏற்கவில்லை. பதவியை உதறினார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு

தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து தமிழ்நாட்டில் புகழ் பெற்றவர் நாயுடு. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து ஆந்திரத்தில் பிழைக்கும் நமக்கு அவர் அந்நியர் அல்ல. ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் இன்று எத்தனையோ மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. தவணையில் வாங்கி வேகம் காட்டும் பிள்ளைகள் பலர். அதன் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்தவர் சிலரே. மார்க் குறைந்தது என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் பையன் நம் வீட்டில் இருந்தால், அவன் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துப் பார்க்கலாம். படிப்பு வராதவன் என்று நாம் ஒதுக்கியவனுக்கு எந்தத் தொழில் வரும் என்பது அப்போது தெரியும்.