மாருதி இன்ஜினில் ஒரு பந்தயக் கார்! கரிவரதன் கதை

குட்டீஸ்... மாருதி 800 காரைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னதாக, பெட்டி போல இருக்கும். உங்கள் தாத்தா வீட்டிலோ, மாமா வீட்டிலோ ஒன்று நின்றிருக்கும். 1983 டிசம்பரில் அறிமுகமான அந்தக் காரின் தயாரிப்பு, 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும், சாலையில் இன்றும் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

காய்கறி வாங்கவும், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடவும் உதவிய அந்தக் காரின் இன்ஜினை எடுத்து, பந்தயக் கார் கட்டினார் ஒருவர். அந்தக் காரில் பழகிய சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய கார் பந்தயமான பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியன் ஆனான்!

காரைக் கட்டியவர் பெயர் சுந்தரம் கரிவரதன். நண்பர்களுக்கும், ரசிகர்களுக்கும், 'கரி!' அவர் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

கோவையில் பிறந்தவர்

கரிவரதன், 1954 ஜூன் 20-ல் பிறந்தார். கோவையின் பெயர் பெற்ற தொழில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்.

கோவை எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். நூற்பாலைகள், பம்பு செட் கம்பெனிகள், வார்ப்படச் சாலைகள், லேத் பட்டறைகள் என்று எங்கு திரும்பினாலும் இயந்திரச் சத்தம் கேட்கும் ஊர். இயந்திரம் பழுதானால், அதைத் தூக்கிப் போடாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. விஞ்ஞானி ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மீண்டும் மாட்டியே தொழில் கற்றவர். அவர் வாழ்ந்த ஊர் அது.

அந்த ஊரில் வளர்ந்த கரிவரதனுக்கு இரண்டு ஆசைகள். காரை வேகமாக ஓட்ட வேண்டும். ஓட்டும் காரைத் தானே உருவாக்க வேண்டும். முதல் ஆசை பலருக்கும் வரும். இரண்டாவது ஆசைதான் அவரைத் தனியாகக் காட்டியது.

ஆனால், பந்தயம் ஓட்ட அவர் கோவையிலிருந்து 500 கி.மீ.,க்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அப்போது தமிழகத்தில் கார் பந்தயம் என்றால், ஒரே ஒரு பெயர்தான்... சோழவரம்!

விமானதளம், பந்தய மைதானம் ஆனது

சோழவரம் என்றதும் உங்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. வடசென்னையைத் தாண்டி, கோல்கட்டா செல்லும் நெடுஞ்சாலையில், செங்குன்றத்துக்கு அடுத்து வரும் ஊர் அது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, ஜப்பான் தாக்குமோ என்று சென்னை மக்கள் நடுங்கிக் கொண்டிருந்தனர். 1942-ல் ஏராளமானோர் ஊரையே காலி செய்து போனார்கள். அந்தப் போர்க் காலத்தில், சோழவரத்தில் ஆங்கிலேயர் ஒரு விமானதளம் அமைத்தனர். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. நீண்டு, அகன்ற ஓடுபாதை மட்டும் மிஞ்சியது.

குண்டும் குழியும் இல்லாத, குறுக்கே மாடு வராத, நேரான பாதை... பந்தயக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1953-ல் தொடங்கிய, 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' அங்கே பந்தயங்களை நடத்தியது. பார்க்கப் பெருங்கூட்டம் கூடும்.

அப்போது வடசென்னைப் பக்கமே மோட்டார் வாசனை அடித்துக் கொண்டிருந்தது. எண்ணூரில், 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, ஆஸ்டின் கார்களை அங்கே உருவாக்கினார்கள். அதுதான் பின்னாளில், 'அசோக் லேலண்ட்' ஆகி, பஸ்சும், லாரியும் தயாரித்தது. திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனி, புல்லட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. அவர்களுக்குப் பக்கத்திலேயே பந்தயம் என்றால், கேட்க வேண்டுமா?

பந்தயத்துக்கு ஒரு வருட வேலை!

அந்தக் காலத்தில் பந்தயக் காரை யாரும் கடையில் வாங்க முடியாது. ஊருக்குள் ஓடியவை அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக் கூடிய கார்கள்தான். புதுக் காருக்கு முன்பதிவு செய்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். வெளிநாட்டுக் காரை வரவழைத்தால், காரின் விலையை விடச் சுங்க வரி அதிகம்!

எனவே, பந்தயக்காரர்கள் வீட்டுக் காரையே மாற்றி அமைத்தார்கள். எப்படித் தெரியுமா?

முதலில், எடையைக் குறைப்பார்கள். பின் சீட், உள் தகடு, பம்பர் என்று ஓடுவதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி வைப்பார்கள். சைக்கிளில் நண்பனைப் பின்னால் ஏற்றிக் கொண்டு மிதித்துப் பாருங்கள். பிறகு, அவனை இறக்கிவிட்டு மிதியுங்கள். அதே கால், அதே பலம். சைக்கிள் மட்டும் பறக்கும். காருக்கும் அதே கணக்குதான்.

அடுத்து இன்ஜின். காற்றும், பெட்ரோலும் உள்ளே போகும் வழியைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இன்ஜின் தலைப்பகுதியை மெல்லியதாகச் சீவுவார்கள். அப்போது, உள்ளே இருக்கும் இடம் குறுகி, கலவை இன்னும் இறுக்கமாக அழுந்தும். வெடிக்கும்போது கூடுதல் பலம் கிடைக்கும். ஆனால், ஒரு நூல் அதிகமாகச் சீவினாலும் இன்ஜின் பாழ்!

பிறகு ஸ்பிரிங். கார் தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால், வளைவில் சாயாது. அதற்காக ஸ்பிரிங்கை மாற்றி, காரைக் கீழே இறக்குவார்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பந்தயக்காரர்களிடம் தனி மவுசு இருந்தது. சென்னையில் தயாரான கார் அது. அதன் உடல்பகுதியும், அடிச்சட்டமும் தனித்தனி. போல்ட்டைக் கழற்றி உடலைத் தூக்கிவிட்டால், சக்கரமும் இன்ஜினும் உள்ள சட்டம் மட்டும் நிற்கும். அதன் மேல் இஷ்டப்படி வேறு உடல் கட்டலாம். உதிரி பாகம் வேண்டுமா? சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்ச் சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

இப்படி மாதக்கணக்கில் உழைத்து, சோழவரத்துக்குக் கொண்டு வந்தால், பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாதி வழியில் ஒரு சின்ன வால்வு உடைந்தாலும், மொத்த உழைப்பும் போச்சு! அடுத்த பந்தயத்துக்கு, மறுபடியும் முதலிலிருந்து வேலை தொடங்க வேண்டும்.

இந்தக் களத்தில்தான் கரிவரதன் இறங்கினார். 1970-களில் தொடங்கி சோழவரத்தில் கார் ஓட்டி, நாட்டின் முன்னணிப் பந்தய வீரர்களில் ஒருவராகப் பெயர் வாங்கினார்.

ஒரு வேதனை

வெற்றிக் கோப்பைகளோடு அவர் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால், பந்தயத்தைச் சுற்றி இருந்த ஒரு குறையை அவர் கவனித்தார்.

யாரிடம் பணம் இருக்கிறதோ, அவருக்குத்தான் நல்ல கார். யாரிடம் நல்ல கார் இருக்கிறதோ, அவருக்குத்தான் வெற்றி. வேலியைப் பிடித்துக் கொண்டு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், அற்புதமாக ஓட்டக் கூடிய ஒரு பையன் இருக்கலாம். அவனுக்குக் கார் யார் தருவது?

நீங்கள் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். ஒருவனிடம் மட்டும் நல்ல மட்டை. மற்றவர்களிடம் தென்னை மட்டை. யார் நல்ல ஆட்டக்காரன் என்று எப்படித் தெரியும்? எல்லாருக்கும் ஒரே மாதிரி மட்டை கொடுத்தால்தானே தெரியும்!

பந்தயத்திலும் அதையே செய்ய முடியுமா? எல்லாரும் ஒரே மாதிரி காரில் ஓட வேண்டும். அந்தக் கார், விலை குறைவாக இருக்க வேண்டும். உடைந்தால், உள்ளூர்க் கடையிலேயே உதிரி பாகம் கிடைக்க வேண்டும். அதே நேரம், உண்மையான பந்தயக் காராகவும் இருக்க வேண்டும்.

இதற்கு விடை, நாடு முழுக்க ஓடிக் கொண்டிருந்த மாருதி 800-ல் இருந்தது.

1988-ல் பிறந்த கார்

மாருதி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர், 796 சி.சி., கொள்ளளவு. அதன் பலம், 40 குதிரைத்திறன்கூட இல்லை. ஆனால், எடை குறைவு. அத்துடன், ஊருக்கு ஊர் அதைத் தெரிந்த மெக்கானிக் உண்டு.

மாருதி காரில் இன்ஜின் முன்னால் இருக்கும்; முன் சக்கரங்களைச் சுழற்றும். இன்ஜினும், கியர் பெட்டியும் ஒரே பொட்டலமாகச் சேர்ந்திருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே எடுத்து, ஓட்டுனரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? அது பின் சக்கரங்களைச் சுழற்றும். உலகப் புகழ் பெற்ற பந்தயக் கார்களின் அமைப்பும் அதுதானே!

இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம். அதன் மேல் லேசான பைபர் உடல். ஒரே ஒரு ஆள் உட்கார இடம். மேலே கூரை கிடையாது. சக்கரங்கள் வெளியே தெரியும். 1988-ல் இப்படி உருவானது கரிவரதனின் கார். 'பார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின்' என்பது முழுப்பெயர். முதல் எழுத்துக்களைச் சேர்த்து, 'பிஸ்மி' என்று சுருக்கினார்கள். 'பார்முலா மாருதி' என்றும் சொல்வார்கள்.

அவர் நினைத்திருந்தால், அந்தக் காரைத் தனக்கு மட்டும் வைத்துக் கொண்டு, வெற்றி மேல் வெற்றி குவித்திருக்கலாம். ஆனால், அதே காரை மற்றவர்களுக்கும் கட்டிக் கொடுத்தார். தன்னை முந்திச் செல்லும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுத்தார். கரிவரதனை இன்றும் நினைக்கக் காரணம் இதுதான்.

பறந்து போனார்

1990-ல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய 3.7 கி.மீ., பாதை தயாரானது. சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய பாதையில் மாருதி இன்ஜின் கார்கள் சீறின.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், தன் முதல் பந்தயத்தை அங்கே பார்முலா மாருதி காரில்தான் ஓடினார். அப்போது அவருக்கு வயது 15. முதல் முயற்சியிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, மேடை ஏறினார். 1994-ல் பிரிட்டனில் பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்றார்.

தான் போட்ட விதை முளைத்ததைக் கரிவரதன் பார்த்தார். மரமானதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தரையில் மட்டுமல்ல, வானில் பறப்பதிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. 1995 ஆகஸ்ட் 24-ல், வான் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41 தான்.

கார்கள் நிற்கவில்லை

வடிவமைத்தவர் போனாலும், அவர் கார்கள் ஓடிக் கொண்டே இருந்தன. 2000-ல் பார்முலா மாருதி பந்தயத்தில் சாம்பியன் ஆன சென்னைப் பையன் கருண் சந்தோக், 2010-ல் பார்முலா ஒன்னுக்குப் போனார்.

அதற்கு முன்பே, 2005 மார்ச் மாதம், ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணிக்காக ஓடிய நரேன், பார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அன்று அவர் ஓட்டிய காரில், 10 சிலிண்டர் இன்ஜின். அவர் பழகிய காரிலோ மூன்றே சிலிண்டர். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கடக்க, முதல் படிக்கட்டைக் கட்டி வைத்தவர் கரிவரதன்.

கோவை செட்டிபாளையத்தில், 2003-ல் ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அதன் பெயர், 'கரி மோட்டார் ஸ்பீடுவே!' தேசிய அளவிலான பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. அடுத்த முறை கோவை போகும்போது, அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால், அது யாருடைய பெயர் என்று உங்கள் அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கள்.

நல்ல கருவி இல்லை, வெளிநாட்டில் இருப்பதெல்லாம் நம்மிடம் இல்லை என்று சலித்துக் கொள்வது சுலபம். கையருகே இருந்த சின்ன இன்ஜினை வைத்து, ஒரு தலைமுறைக்கே பாதை போட்டவர் கரிவரதன். உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொம்மைக் காரைத் தூக்கி எறியும் முன், ஒருமுறை பிரித்துத்தான் பாருங்களேன்!

இது தெரியுமா?

* வேகத்தைக் காட்ட வேண்டிய இடம், பந்தயப் பாதை மட்டுமே. சாலையில் பந்தயம் விடுவது சட்டப்படி குற்றம். பந்தய வீரர்கள் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, பல முனை சீட் பெல்ட் அணிந்தே காரில் ஏறுவர்.

* 'அசோக் மோட்டார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய ரகுநந்தன் சரண், தன் மகன் அசோக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

* 'பார்முலா' என்றால், பந்தயத்தில் ஓடும் எல்லாக் கார்களும் கட்டுப்பட வேண்டிய விதிமுறை என்று பொருள். இன்ஜின் அளவு, எடை, சக்கரம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. மீறினால், முதலில் வந்தாலும் பரிசு கிடையாது!