எல்லாரும் ஆடலாம்: ருடால்ஃப் லாபான் கதை

நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மேடையில் பன்னிரண்டு பேர் ஆடுவாங்க. கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்போம், அதில் பாதிப் பேர் கையில் மொபைல். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த ஆடிஷனில் உயரம் சரியில்லை, உடம்பு கனமா இருக்கு, பீட் பிடிக்க வரலைன்னு திரும்பி வந்தவங்க எத்தனை பேர்? நிறையப் பேர் ஆடிஷன் பக்கமே போயிருக்க மாட்டோம். எனக்கு டான்ஸ் வராது என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதி ரொம்ப நாளாகியிருக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில் ஒருத்தர் இந்தத் தீர்ப்பை ரத்து பண்ணப் பார்த்தார். பேர் ருடால்ஃப் லாபான். டான்ஸ் படிக்கிறவங்களுக்கு அவர் பேர் நல்லாத் தெரியும். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்குத்தான் அவரை இன்னும் நல்லாப் புரியும்னு தோணுது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

1879 டிசம்பர் 15 அன்று, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த பிரஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. அப்பா ராணுவத்தில் பெரிய அதிகாரி. பையனும் ராணுவத்துக்குத்தான் என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். நம்ம வீடுகளில் கவுன்சிலிங் முடிவு எப்படி எடுக்கப்படுதோ அப்படித்தான்! ராணுவ அகாடமியில் சேர்ந்தார், சீக்கிரமே விட்டுட்டு ஓவியம் படிக்கப் போனார். மியூனிக், பாரிஸ் என்று சுற்றினார். டான்ஸுக்கு வந்தபோது வயசு முப்பதைத் தாண்டியிருந்தது.

முதல் உலகப்போர் காலத்தில் அவர் இருந்தது ஸ்விட்சர்லாந்து. அஸ்கோனா என்ற ஊருக்கு மேலே மான்டே வெரிட்டா என்று ஒரு குன்று. நகர வாழ்க்கை வேண்டாம்னு கிளம்பி வந்த ஓவியர்கள், எழுத்தாளர்கள், சைவ உணவுக்காரர்கள் எல்லாம் அங்கே கூடியிருந்தார்கள். லாபான் அங்கே கோடைப் பள்ளி நடத்தினார். பின்னாளில் பெரிய பேர் வாங்கிய மேரி விக்மன் அவரிடம் வந்து சேர்ந்ததும் அங்கேதான். 1917-ல் அந்தக் குன்றில் சூரியனுக்காக ஒரு ஆட்டம். மாலையில் சூரியன் இறங்கும்போது முதல் பகுதி, நடு ராத்திரியில் தீ மூட்டி இரண்டாம் பகுதி, விடியும்போது மூன்றாம் பகுதி. மேடை, திரை எதுவும் கிடையாது. குன்றுதான் மேடை.

போர் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பியவர், 1920-களின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கில் ஒரு புது விஷயத்தை ஆரம்பித்தார். சர்ச்சில் பல குரல்கள் சேர்ந்து பாடும் கொயர் இருக்கே, அது மாதிரி உடம்புகள் சேர்ந்து இயங்கும் கொயர். அசைவுக் கோரஸ் என்று சொல்லலாம். வேலை முடிந்து வரும் குமாஸ்தா, தொழிற்சாலைத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் யார் வேண்டுமானாலும் சேரலாம். முன் அனுபவம் தேவையில்லை. முக்கியமா, பார்க்க ஆள் தேவையில்லை. சேர்ந்து அசைவதில் கிடைக்கும் சந்தோஷம்தான் நோக்கம். கைதட்டு வந்தால் வரட்டும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் குரல் பிரிவை உடம்புக்குக் கொண்டுவந்த விதம். பாட்டில் சோப்ரானோ, பாஸ் என்று இருப்பதைப் போல ஆடுபவர்களிலும் உயர, நடு, தாழ் என்று மூன்று வகை பார்த்தார். மேல்நோக்கி நீண்டு, லேசாகக் குதிப்பவர்கள் ஒரு வகை. தரையோடு ஒட்டி, கனமாக, உறுதியாக அசைபவர்கள் இன்னொரு வகை. நடுவில் ஊசலாடுபவர்கள் மூன்றாவது. நல்லா கவனிங்க. கனமான உடம்பு இங்கே குறை இல்லை, அது பாஸ் குரல். அது இல்லாமல் கோரஸே நிறைவாகாது. நம்ம ஆடிஷன்ல ரிஜெக்ட் ஆனவருக்கு இங்கே தனியா ஒரு இடமே இருக்கு!

இப்போ இன்ஜினியரிங் பக்கம் வருவோம். நின்ற இடத்திலிருந்து கைகால் எட்டும் எல்லையை ஒரு கோளம் மாதிரி கற்பனை பண்ணினார். அதற்குள் ஐகோசஹெட்ரானைப் பொருத்தினார். 20 முக்கோண முகம், 12 முனை. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் பிரிஸமும் பிரமிடும் வரைஞ்சே நமக்கு நாக்கு தள்ளிப்போச்சே, இது அதுங்களோட பெரியண்ணன். அந்த 12 முனைகளையும் ஒரு வரிசையில் தொட்டுப் போவதை, பாடகர் ஸ்வரவரிசை பயிற்சி செய்வது போல ஆடுபவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்.

அடுத்தது குறியீடு. 1928-ல் அவர் வெளியிட்ட முறைதான் இன்றைக்கு லாபானோட்டேஷன். பக்கத்தின் கீழிருந்து மேலாகப் படிக்கணும். நடுக்கோட்டுக்கு வலது பக்கம் வலது கால், இடது பக்கம் இடது கால். சின்னத்தின் வடிவம் திசையைச் சொல்லும். உள்ளே கறுப்பா, கோடா, புள்ளியா என்பது உயரத்தைச் சொல்லும். சின்னத்தின் நீளம் நேரத்தைச் சொல்லும். ஒரே குறியில் திசை, உயரம், காலம் மூன்றும் வந்துவிடுகிறது. டேட்டா ஸ்ட்ரக்சர் படிச்சவங்க யாரும் இதைப் பார்த்தா ஒரு சபாஷ் போடாம இருக்க மாட்டாங்க.

1929-ல் வியன்னா நகரம் கைத்தொழில் சங்கங்களின் மாபெரும் ஊர்வலத்தை அவரிடம் ஒப்படைத்தது. சுமார் 10,000 பேர். இவர் பட்டறை பட்டறையாகப் போய், அந்தந்தத் தொழில் செய்பவர்களின் உடம்பு எப்படி அசைகிறது என்று பார்த்து, அதிலிருந்தே ஊர்வலத்தை அமைத்தார். வேலைதான் ஆட்டம், ஆட்டத்துக்குள் வேலை. இது பின்னால் அவருக்கு வேறொரு நாட்டில் சோறு போடப் போகிறது.

இதுவரைக்கும் சொன்னதோடு நிறுத்தினா இது ஒரு நல்ல ஹீரோ கதை. நிறுத்த முடியாது.

1930-ல் பெர்லின் அரசு ஓப்பராவில் நடனப் பொறுப்பு கிடைத்தது. 1933-ல் ஹிட்லர் வந்தார். லாபான் வெளியேறவில்லை. அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேயே ஓப்பராவின் நடனப் பள்ளியிலிருந்து யூதக் குழந்தைகள் விலக்கப்பட்டார்கள். அடுத்து கோயபல்ஸின் பிரசார அமைச்சகத்தின் கீழ் ஜெர்மன் நடனத்துக்கே தலைமை தாங்கும் பதவி வந்தது, ஏற்றுக்கொண்டார். அதே 1933-ல் அவருடைய மாணவர் கர்ட் யோஸிடம், குழுவில் இருக்கும் யூதர்களை நீக்கச் சொன்னார்கள். யோஸ் மறுத்தார். குழுவோடு நாட்டை விட்டே போய்விட்டார். அதனால, அந்தக் காலத்தில் வேற வழி இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வழி இருந்தது; மாணவர் போனார், குரு போகவில்லை.

யாரும் வரலாம் என்று கதவு திறந்தவர், குழந்தைகளுக்குக் கதவு மூடப்பட்ட இடத்தில் எப்படி உட்கார்ந்திருந்தார்? பதவி ஆசையா, தன் கலைக்கு அரசாங்க ஆதரவு கிடைக்குதே என்ற கணக்கா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டா, ஒரு விஷயம் அவர் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கணும். ஆயிரம் பேர் ஒன்றாக அசைவது ரொம்ப அழகு. ஆனா சர்வாதிகாரிக்கும் அதே அழகுதான் வேணும். கோரஸில் ஒவ்வொருவரும் தன் உடம்பின் குரலோடு வருகிறார். அணிவகுப்பில் எல்லா உடம்புக்கும் ஒரே குரல். தூரத்திலிருந்து பார்த்தா இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து.

வித்தியாசத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது கோயபல்ஸ்தான் என்பது வேடிக்கை. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி லாபான் ஒரு பெரிய படைப்பைத் தயாரித்தார். சுமார் 30 ஊர்களில் இருந்த கோரஸ்களுக்குக் குறியீட்டில் எழுதிய தாள்கள் போயின. அவரவர் ஊரில் அதைப் படித்துப் பயிற்சி செய்து, சுமார் 1,000 பேர் பெர்லினில் வந்து சேர்ந்தார்கள். வீடியோ அனுப்ப வழியில்லாத காலம், பேப்பரில்தான் மொத்த ஆட்டமும் பயணம் பண்ணியிருக்கு! ஜூன் மாத ஒத்திகையை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். கோயபல்ஸும் பார்த்தார். இது ரொம்ப அறிவுஜீவித்தனமா இருக்கு, நம்ம கட்சிக்குச் சம்பந்தமே இல்லை என்ற முடிவுக்கு வந்து தடை போட்டார்.

அதோடு லாபானின் ஜெர்மன் வாழ்க்கை முடிந்தது. பதவி போனது, விசாரணை வந்தது. 1937-ல் பாரிஸுக்குப் போனபோது கையில் காசில்லை, உடம்பும் சரியில்லை. அடுத்த வருஷத் தொடக்கத்தில் அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டவர் யார் தெரியுமா? அதே கர்ட் யோஸ். டெவனில் உள்ள டார்டிங்டன் ஹாலில் யோஸின் பள்ளி இருந்தது. அந்த டார்டிங்டனை நடத்திய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதனைத் தொடங்க உழைத்தவர். அங்கே லிசா உல்மன் என்ற ஆசிரியை லாபானைப் பார்த்துக்கொண்டார். கடைசிவரை கூட இருந்து, அவர் வேலையை முன்னெடுத்ததும் அவர்தான்.

போர் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கடற்கரைப் பக்கம் இருக்கக் கூடாது என்று சட்டம். டார்டிங்டனை விட்டுக் கிளம்பி, கடைசியில் மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். அங்கே எஃப். சி. லாரன்ஸ் என்ற தொழில் ஆலோசகரோடு சேர்ந்து தொழிற்சாலைகளுக்குள் போனார். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால், கனமான டயர்களைப் பெண்கள் தூக்கிக் கையாள வேண்டிய நிலை. ஆண்களைப் போலக் கை பலத்தில் தூக்கச் சொன்னால் முதுகு போகும். லாபான் வேறு வழி காட்டினார். முழு உடம்பின் எடையையும் ஊசலாட்டத்தில் விட்டு, அந்த வேகத்திலேயே டயரை எழுப்புவது. மொமென்டம், வேறென்ன!

டைம் அண்ட் மோஷன் ஸ்டடி நம்ம சிலபஸில் உண்டு. அது பெரும்பாலும் ஸ்டாப்வாட்சின் கதை, எத்தனை செகண்ட் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கும். லாபான் கேட்டது வேற கேள்வி. இந்த அசைவில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேர்த்தி, எவ்வளவு தங்குதடையற்ற ஓட்டம்? ஓங்கி அழுத்தும் வேலைக்கு நடுவே அதற்கு எதிரான மென்மையான அசைவு வந்தால் உடம்பு தானே ஆறிவிடும் என்று பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து 1947-ல் இதைப் புத்தகமாக்கினார்கள். அனிமேஷன் பண்ணுறவங்களும், ரோபோ அசைவதைப் பார்த்தால் மனுஷனுக்கு என்ன தோன்றும் என்று ஆராய்கிறவங்களும் இன்றைக்கும் இந்த நாலு அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள்.

1946-ல் மான்செஸ்டரில் உல்மனோடு ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்தார். பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மனநலம் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை என்று கடைசி வருஷங்கள் போயின. 1958 ஜூலை 1 அன்று இறந்தார். அவர் பேரைச் சுமக்கும் கல்லூரி இன்றும் லண்டனில் இருக்கிறது.

பழைய மாணவி இர்ம்கார்ட் பார்டனீஃப், ஹிட்லர் காலத்தில் அமெரிக்கா போய் பிசியோதெரபிஸ்ட் ஆனார். போலியோ வந்தவர்களின் உடம்பை, எந்தத் தசை போச்சு என்று மட்டும் பார்க்காமல், எந்தத் திசையில் எதற்காக நகர ஆசைப்படுகிறது என்று பார்த்தார்.

மான்செஸ்டர் ஸ்டூடியோவில் படித்த வெரோனிகா ஷெர்போர்ன், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் போனார். அவர் வகுப்பில் ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே இல்லை. பெரியவர் ஒருவர் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி வீடு மாதிரி நிற்பார். குழந்தை அதற்குள் ஊர்ந்து போகும். அப்புறம் குழந்தை வீடாக நிற்கும். பெரியவர் குனிந்து, குறுகி, அதற்குள் நுழையப் பார்ப்பார்.