திசைகாட்டிப் பெட்டியும் ஒரு முஅல்லிமும்

மாலுமி என்ற தமிழ்ச் சொல் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எமக்கு முஅல்லிம் என்றால் மத்ரஸாவில் ஓதித் தருபவர். இந்து சமுத்திரத்து அரபிகளுக்கோ கப்பலுக்கு வழி சொல்பவரும் முஅல்லிம்தான். அவர்களுள் மிகப் பெரியவர் அஹ்மத் இப்னு மாஜித். ஆனால் எம்மவரிடம் அவரைப் பற்றிக் கேட்டால், வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகின்றது. 1505இல் போர்த்துக்கீசர் இங்கு வந்த பின் எமது முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அந்தப் பெயரைக் கசப்போடு சொல்வதில் வியப்பில்லை. அந்தக் கசப்பு அநியாயமானது என்பதே எனது கருத்து.

அவர் 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில் பிறந்தார். இன்று அது ஐக்கிய அரபு இராச்சியத்தின் ராஸ் அல் கைமா. தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்கள். செங்கடல் வழிகளைப் பற்றித் தந்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளில் ஒரு பாட்டு இயற்றியிருந்தார். தந்தை சொன்னது என்று விட்டுவிடாமல், மகன் அதிலும் பிழை கண்டு திருத்தினார். இந்தக் குணத்தைத்தான் அவரது வாழ்க்கை முழுவதும் நான் காண்கின்றேன்.

ஹிஜ்ரி 895ஐ ஒட்டி, அதாவது 1490 அளவில், கிதாபுல் ஃபவாயித் என்ற பெருநூலை எழுதி முடித்தார். திசைகாட்டியின் காந்தத்தைப் பெட்டியிலேயே பொருத்தியது தமது கண்டுபிடிப்பு என்று அதில் உரிமை கோருகின்றார். இதன் அருமை விளங்க முந்திய நிலையை அறிய வேண்டும். 1282இல் பைலக் அல் கிப்ஜாகி எழுதிய நூலின்படி, எமது கடலில் ஓடிய கப்பல் தலைவர்கள் இரும்பால் செய்த ஒரு மீனைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் திசை பார்த்தனர். கப்பல் ஆடினால் தண்ணீரும் ஆடும், மீனும் ஆடும்.

காந்தத்தைப் பெட்டிக்குள் பொருத்தினால் மட்டும் போதாது. பெட்டியில் 32 பிரிவுகள். வடக்கு, தெற்கு போக, 15 நட்சத்திரங்கள் உதிக்கும் திசைகளும் மறையும் திசைகளும். ஒரு பிரிவு பதினொன்றேகால் பாகை. பெட்டியின் நடுக்கோடு கப்பலின் முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரையான நேர்கோட்டோடு ஒத்துப் போக வேண்டும். பெட்டி சற்றே திரும்பியிருந்தால் முள் உண்மைதான் சொல்லும், கப்பல்தான் வேறெங்கோ போகும். ஒரு பாகை பிசகினாலே 60 மைலுக்கு ஒரு மைல் விலகும். ஆபிரிக்காவின் மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு 2,000 கடல் மைலுக்கு மேல். இடையில் லட்சத்தீவுப் பாறைகள் வேறு. கப்பல் கரையில் கிடக்கும்போதே முஅல்லிம் அதைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், திசைகாட்டி வைத்த இடத்தையும் சோதிக்க வேண்டும் என்று அவர் எழுதியது இதனால்தான். ஓடாவியின் கைவேலையை நம்பி உயிர்களை ஏற்றக்கூடாது. (இன்று பலநாள் படகுகளில் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே கைபேசியை வைத்திருப்பதை நான் கண்டிருக்கின்றேன். அதிலும் காந்தம் இருக்கின்றது.) முள்ளை மட்டும் நம்பியும் அவர் இருக்கவில்லை. கமால் என்ற முடிச்சுக் கயிற்றுப் பலகையால் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை விரல் கணக்கில் அளந்து சரிபார்ப்பதையும் விரிவாகக் கற்பித்தார்.

இப்படிப்பட்டவர் மீது அந்தப் பழி எப்படி விழுந்தது? 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி, சம்பவம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்து, இப்னு மாஜித் போதையில் போர்த்துக்கீசருக்கு வழி சொன்னதாக எழுதினார். மிகப் பிந்திய செய்தி இது. ஆனால் 1498இல் மலிந்தியில் ஏறிய வழிகாட்டி ஒரு குஜராத்தி என்றுதான் போர்த்துக்கீச வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதுகின்றார். அவர்களின் ஏடுகளில் வரும் மாலெமோ கனகா என்பது ஆளின் பெயரே அல்ல. மாலெமோ என்றால் முஅல்லிம், கனகா என்றால் சோதிடக் கணக்கு அறிந்தவர். இந்தப் பட்டத்தை இப்னு மாஜிதின் பெயராக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலப்படுத்தியவர் பிரெஞ்சு ஆய்வாளர் கப்ரியேல் ஃபெரான். அரபு நூல்களைப் பாரிஸிலிருந்து அச்சேற்றி உலகுக்குத் தந்தவரும் அவரே என்பதால், அவரது ஊகமும் நூல்களோடு சேர்ந்தே பரவிவிட்டது.

ஃபவாயிதின் பத்தாம் பகுதியில் இப்னு மாஜித் பத்துப் பெரிய தீவுகளை வரிசைப்படுத்துகின்றார். அவற்றுள் ஸைலானும் ஒன்று. எமது தீவுதான்.