கூப்பிட்டால் கண் திறப்பார்கள், உடனே தூங்கிவிடுவார்கள்! நூறாண்டுக்கு முந்தைய 'தூக்க நோய்' மர்மமும், அதைக் கண்டறிந்த விமானி டாக்டரும்

ஒரே நோய். அது தாக்கியதும் மூளையின் ஒரே பகுதியைத்தான். ஆனால் பெரியவர்கள் சிலை போல உறைந்து போனார்கள். குழந்தைகளோ ஒரு நிமிடம் கூட உட்கார முடியாமல் ஓடினார்கள். ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வி எழக் காரணமான நோயை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் கான்ஸ்டன்டின் வான் எகானமோ.

யார் இவர்?

1876-ல் ருமேனியாவின் பிரைலா நகரில், வசதியான கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது, அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்த ட்ரியெஸ்ட் துறைமுக நகரில். அப்பாவின் விருப்பத்துக்காக வியன்னாவில் இன்ஜினியரிங் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் அதை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறி, 1901-ல் டாக்டர் ஆனார்.

இன்னொரு பக்கம் விமானம் என்றால் உயிர். ஆஸ்திரியாவின் தொடக்ககால விமானிகளில் இவரும் ஒருவர். அந்நாட்டு ஏரோ கிளப்பின் தலைவராகவும் இருந்தார். முதல் உலகப் போரில் விமானியாகவே களமிறங்கினார். பிறகு குடும்பத்தாரின் வற்புறுத்தலால், 1916-ல் வியன்னா திரும்பி, தலையில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க ஆரம்பித்தார்.

வார்டில் என்ன நடந்தது?

அந்தக் குளிர்காலத்தில் சில விசித்திர நோயாளிகள் வந்தார்கள். காய்ச்சல், தலைவலி, கண் இமை தொங்கிப் போவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது. கூடவே, அடக்க முடியாத தூக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து சரியாகப் பதில் சொல்வார்கள். அடுத்த நொடி மறுபடியும் தூக்கம்தான்.

ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நோய் என்றுதான் முதலில் எழுதப்பட்டிருந்தது. இல்லை, இது எல்லாமே ஒரே நோய் என்று 1917 ஏப்ரலில் அறிவித்தார் வான் எகானமோ. அதற்கு அவர் வைத்த பெயர் 'என்செபலிடிஸ் லெதார்ஜிக்கா', அதாவது தூக்கத்தில் ஆழ்த்தும் மூளையழற்சி.

இறந்தவர்களின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு நடுமூளையை ஒட்டிய இடத்தில் பாதிப்பு. தூக்கமே வராமல் தவித்தவர்களுக்கு ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் பாதிப்பு. தூக்கத்தையும் விழிப்பையும் மூளையே தனித்தனி இடங்களில் இருந்து இயக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

பிழைத்தவர்களுக்கு என்னாச்சு?

அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த நோய் உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கானவர்களைப் பாதித்தது. பிழைத்த பலர் குணமாகிவிட்டதாக நினைத்து வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பினார்கள். சில மாதங்கள், சிலருக்குப் பல வருஷங்கள் கழித்து, கை கால் விறைக்க ஆரம்பித்தது. முகத்தில் உணர்ச்சி மறைந்தது. பார்க்கின்சன் நோய் போன்ற நிலை.

குழந்தைகளின் கதை வேறு. அதுவரை அமைதியாக இருந்த பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்காது. அடிக்கும், திருடும், ஓடும். செய்த பிறகு அழுது வருத்தப்படும். மறுபடியும் அதையே செய்யும். கெட்ட பிள்ளை என்று பள்ளிகள் வெளியே அனுப்பின. ஆனால் அது வளர்ப்பின் குற்றமல்ல, மூளையில் விழுந்த காயம் என்பதற்கு இந்தக் குழந்தைகளே சாட்சி. நோய்க்குப் பின் வரும் இந்த விளைவுகளையெல்லாம் 1929-ல் வெளியான தன் நூலில் வான் எகானமோ தொகுத்தார்.

டோபமைனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த நோய் கடுமையாகச் சிதைத்த இடங்களில் ஒன்று நடுமூளையின் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா'. நம் அசைவுக்குத் தேவையான டோபமைனை அனுப்பும் செல்கள் இருப்பது அங்கேதான். வான் எகானமோ காலத்தில் இது யாருக்கும் தெரியாது. 1960-ல், அதே வியன்னாவில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் இந்தத் தூக்க நோயில் பிழைத்தவர்களின் மூளைகளும் இருந்தன.

பல வருஷம் கழித்து பாதிப்பு வெளியே தெரிந்தது ஏன்? சில செல்கள் செத்தாலும், மிச்சமுள்ளவை கூடுதலாக வேலை செய்து சமாளிக்கும். டோபமைன் பெருமளவு தீர்ந்த பிறகுதான் அறிகுறி வெளியே வரும்.

குழந்தைகள் ஓடியது ஏன்? டோபமைன் செல்கள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிட்டாலும், அவற்றின் இணைப்புகள் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் ஒரு துப்பு தருகின்றன. வளர்ந்த எலியின் டோபமைன் செல்களை அழித்தால் அசைவு முடங்கும், சாப்பிடக்கூடச் செய்யாது. பிறந்து சில நாளே ஆன குட்டியில் அழித்தால், அது சாப்பிட்டு வளரும். ஆனால் கொஞ்ச காலத்துக்கு அளவுக்கு மீறித் துறுதுறுவென ஓடும். காலியான இடத்துக்குள் செரட்டோனின் நரம்பு இழைகள் புதிதாக வளர்வதும் தெரிந்தது.

இளம் மூளை, இழந்த செல்களைத் திரும்பப் பெறுவதில்லை. வேறு வழியில் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. அந்த மாற்று வழி எப்போதும் முழு குணமாக அமைவதில்லை. அன்றைக்கு ஓடிய குழந்தைகளில் பலர், பெரியவர்களானதும் உறைந்து போனதே அதற்கு உதாரணம்.

கடைசி நாட்கள்

1925-ல் கோஸ்கினாஸுடன் சேர்ந்து மனித மூளைப் புறணியின் பிரம்மாண்ட வரைபட நூலை வெளியிட்டார் வான் எகானமோ. நோபல் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1931 அக்டோபரில், 55 வயதில், இதய நோயால் காலமானார்.

அவர் பெயரிட்ட நோய்க்கு என்ன காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் அதில் பிழைத்து, பல பத்தாண்டுகள் உறைந்தே கிடந்த சிலருக்கு, 1969-ல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் எல்-டோபா மருந்து கொடுத்தார். டோபமைனாக மாறும் மருந்து அது. அவர்கள் எழுந்து நடந்தார்கள், பேசினார்கள். பலருக்கு அந்த விழிப்பு நீடிக்கவில்லை.