யாழை மீட்ட அடிகளார்

மறைந்துபோன ஓர் ஆடலையோ இசைக்கருவியையோ பழைய ஏடுகளைக் கொண்டு மீண்டும் உருவாக்குதல் இலகுவான காரியமன்று. ஏடு எழுதியவர் தம் காலத்தவருக்குத் தெரிந்ததை விளக்காமலே விட்டுச் செல்வார். பின்வரும் தலைமுறைக்கோ அந்த விடுபட்ட பகுதியே தேவைப்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் நமது மண்ணின் மைந்தரான சுவாமி விபுலாநந்த அடிகள் ஆவார்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து தெற்கே கல்லாறு, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைக் கடந்தால் காரைதீவு வரும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களிடையே, 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாக மயில்வாகனன் பிறந்தார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் முதன்முதலாக முழுமையாகப் பதிப்பித்து வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். பிற்காலத்தில் இப்பிள்ளையின் ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது அந்நூலே.

கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனன் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியடைந்தார். தமிழ்ப் புலமையும் விஞ்ஞான அறிவும் ஒருவரிடத்தே சேர்ந்தமை அக்காலத்தில் அரிதாகும். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். மட்டக்களப்புக்குத் திரும்பிக் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார்.

1926இல் வெளிவந்த அவரது மதங்க சூளாமணி நாடகக் கலை பற்றியதாகும். அதனைத் தொடர்ந்து அவரது கவனம் இசையின் பக்கம் திரும்பியது. மாதவியின் ஆடலரங்கேற்றத்தைக் கூறும் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்கள் கூறப்பட்டுள்ளன. ஆனால் அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசை, நாடக நூல்கள் பல இறந்துபட்டிருந்தன. அவர் துணைகொண்ட பஞ்சமரபுகூட 1970களிலேதான் அச்சேறியது. ஆகவே அந்நூலின் உதவியின்றியே அடிகளார் தம் பணியைச் செய்தார்.

யாழும் வீணையும் ஒன்றே என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். வில்லின் வடிவிலிருந்து தோன்றிய யாழிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு உண்டு. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரை கூறும் நரம்புகளின் எண்ணிக்கையை அடிகளார் கணிதத்தின் துணையுடன் ஆராய்ந்தார். ஒரு நரம்பு குரல் என்னும் சுரத்தைத் தருமாயின் அதன் மூன்றில் இரண்டு பங்கு நீளம் இளியைத் தரும். இத்தகைய அளவுகளைக் கொண்டு பாலைகளையும் பண்களையும் அவர் கணித்தார். பழைய சிற்பங்களையும் ஒப்பிட்டு நோக்கிக் கருவிகளின் வடிவத்தை வரைந்தார்.

இவ்வாறு உருவான யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அது அரங்கேறியது. நூலின்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு இசைக்கப்பட்டன. உடல்நலம் குன்றியிருந்த அடிகளார் அதே ஆண்டு ஜூலை 19இல் காலமானார். கல்லடியில் அவர் நிறுவிய பாடசாலை வளவிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவரது பணி இலக்கியத்தோடு நின்றதன்று. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவருடன் நெருங்கிப் பழகியவர். முஸ்லிம் மாணவரின் உயர்கல்விக்காக 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தோன்ற உழைத்த அப்பெரியாருக்குக் கிழக்கிலங்கையில் ஊக்கமளித்தவர்களுள் அடிகளாரும் ஒருவர்.

அடிகளாரின் முடிவுகள் அனைத்தையும் பின்வந்த ஆய்வாளர் ஏற்றுக்கொண்டாரல்லர். அது நூலுக்குக் குறையன்று. ஆராய்ச்சி தொடர்கிறது என்பதற்கே அது சான்றாகும். நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்றைப் பற்றியாகும். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் அதனை மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாள் தேவைப்பட்டது. வாவிக்கரை ஊர்களின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் முஸ்லிம் கிராமங்களின் களிகம்பாட்டமும் றபான் இசையும் இன்னும் மனிதரிடத்தே உயிருடன் இருக்கின்றன. ஆட்டத்தையும் தாளத்தையும் அறிந்த அண்ணாவிமாரும் மூத்தோரும் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைக் கற்றுப் பதிவு செய்தல் வேண்டும். அடிகளாருக்கு ஏடு மட்டுமே எஞ்சியிருந்தது. நமக்கோ கேட்டறிவதற்கு ஆட்களும் உளர். ஆண்டுதோறும் அவரது சிலைக்கு மாலை அணிவிக்கும் நாம் இப்பணியை இனியும் தாமதிப்பது முறையாகாது.